டிட் யூ வென்ட்: செய்யூர் வட்டத்தில் ஆங்கில வினைகள் காலம் காட்டும் முறை

செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்துக்குக் கிழக்கே கடற்கரை வரை விரியும் செய்யூர் வட்டத்தின் கோயில், ஏரி, உப்பளம், கழிமுகம் ஆகியவை ஆராய்ச்சியாளர் கண்ணுக்குத் தப்பவில்லை. அங்கே ஆங்கில வினைச்சொற்கள் உடன்பாடு, எதிர்மறை, வினா ஆகிய வாக்கியங்களில் எவ்வாறு காலம் காட்டுகின்றன என்பது மட்டும் உரிய கவனம் பெறாமல் கிடக்கிறது. தமிழ் இலக்கணிகள் எவ்வினைக்கும் வாய்பாடாக 'செய்' என்பதையே எடுத்துக்கொள்வதும், இறந்தகால வினையெச்ச வாய்பாடுகளுள் 'செய்யூ' என்பது ஒன்றாக இருப்பதும், ஊர்ப்பெயரிலேயே காலத்தை முடிந்துவைத்துள்ள ஊர் இது என்று எழுதத் தூண்டக்கூடியவை. ஆயினும் அங்குள்ள கந்தசாமி கோயிலைச் சுட்டி, முருகனுக்குரிய 'சேய்' என்னும் பெயராலேயே ஊர் சேயூர் எனப்பட்டுப் பின் திரிந்தது என்று சொல்வோர் இருப்பதால், அந்த ஆசையை இவ்வாய்வு அடக்கிக்கொள்கிறது.

மாலை நேர டியூஷன்களில் காலம் என்பது பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட ஓர் அட்டவணை. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்னும் மூன்றையும் சிம்பிள், கன்டினியூவஸ், பெர்ஃபெக்ட், பெர்ஃபெக்ட் கன்டினியூவஸ் என்னும் நான்கால் பெருக்கிக் கிடைப்பது அது. மொழியியலார் பலர், ஆங்கில வினை தன் வடிவத்தை மாற்றிக் காட்டும் காலம் இரண்டே என்றும், எதிர்காலம் 'வில்' முதலிய துணைவினைகளிடம் விடப்பட்ட பொறுப்பு என்றும் கூறுவர். இச்செய்தி டியூஷனுக்கு எட்டினால் பத்துக் கட்டங்களுக்கான கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டி வரும் என்பதாலோ என்னவோ, எட்டியதாகத் தெரியவில்லை. 'கோ, வென்ட், கான்' என்று சுரத்தில்லாமல் இழுக்கும் பிள்ளைகள் 'கட், கட், கட்', 'புட், புட், புட்' என்னும் இடம் வந்ததும் குரலை உயர்த்துவது, காலத்தால் மாறாத வினைகளின்பால் மனித இனத்துக்குள்ள இயல்பான பற்றைக் காட்டுகிறது.

இரண்டே காலம் என்பது இவ்வட்டத்துக்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படை பாடிய நல்லூர் நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இன்று செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. அவர் காலத்துத் தமிழில் நிகழ்காலத்துக்கெனத் தனி இடைநிலை, அதாவது பகுதிக்கும் விகுதிக்கும் நடுவில் நின்று காலம் காட்டும் உறுப்பு, வேரூன்றியிருக்கவில்லை. முடிந்தது ஒருபுறமும் முடியாதது மறுபுறமுமாகக் காலம் பிரிந்து நின்றது. 'செய்யும்' என்னும் வாய்பாடு இன்றைக்கும் நாளைக்கும் பொதுவாகவே வழங்கியது. கிறு, கின்று என்பவை பின்னரே பெருகி, பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி நன்னூல் எழுதும்போது 'ஆநின்று' என்பதோடு சேர்ந்து முறைப்படி இடம்பெற்றன. எனவே ஆங்கிலக் காலம் இன்றைய ஒன்பதாம் வகுப்பு மாணவரைவிட நத்தத்தனாருக்கு எளிதில் பிடிபட்டிருக்கும்.

இனி ஆய்வின் தலைப்புக்குரிய வழக்கு. 'டிட் யூ வென்ட்?' என்னும் வினாவில் இறந்தகாலம் இருமுறை வருகிறது: டிட் என்பதில் ஒன்று, வென்ட் என்பதில் ஒன்று. இதனை இங்கே 'இரட்டை இறப்பு' என்று குறிப்பிடலாம். ஒரு வாக்கியம் ஒருமுறைதான் இறக்க முடியும் என்பது ஆங்கிலத்தின் கண்டிப்பான விதி. டூ என்னும் துணைவினை வந்து காலத்தைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டதும் முதன்மை வினை சுமை நீங்கி 'கோ' என்னும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிட வேண்டும். தமிழிலோ வினா எழுப்புவோர் வினையைத் தொடுவதே இல்லை. 'போனாய்' என்பதன் வாலில் ஓர் ஆகாரம் சேர்ந்தால் 'போனாயா' ஆகிவிடுகிறது. மாணவர், முழுமையாக முடிந்த 'யூ வென்ட்' என்பதை அப்படியே வைத்து, அந்த ஆகாரத்தின் இடத்தில் டிட் என்பதை முன்னால் ஒட்டுகிறார். இதில் சோம்பல் இல்லை, ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்கு மட்டும் வேறு மொழிக்குரியது.

ஆனால் 'ஐ டிட் நாட் வென்ட்' என்னும் எதிர்மறைக்கு அந்தச் சலுகையைத் தர இயலாது. 'போகவில்லை' என்று சொல்லும் தமிழர், 'போனேன்' என்பதிலிருந்த காலத்தையும் இடத்தையும் ஒருசேரக் கழற்றிவிட்டு, 'போக' என்னும் வெறும் எச்சத்தோடு இல்லை என்பதைச் சேர்க்கிறார். ஆங்கிலமும் டிட் நாட் என்பதற்குப் பின் அதே வெறும் வினையைத்தான் கேட்கிறது. 'போனேன் இல்லை' என்று செய்யூர்க் கடைத்தெருவில் எவரும் பேசுவதில்லை என்பதால், 'டிட் நாட் வென்ட்' ஆங்கிலத்துக்கு எவ்வளவு பிழையோ அவ்வளவு தமிழுக்கும் பிழை. கரும்பலகையில் 'போக + இல்லை' என்று ஒரு வரி எழுதிக் காட்டியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய இச்சிக்கல், எதிர்மறைக்கெனத் தனியாகப் பன்னிரண்டு கட்டங்கள் வரையப்பட்டதால் தீராமல் நிற்கிறது.

'ஐ ஆம் நோயிங்' என்பதும் இதே வகைத்து. அறிதல், விரும்புதல், உடைமை போன்ற நிலைகளைக் குறிக்கும் வினைகள் பொதுவாகத் தொடர்வடிவம் ஏற்கமாட்டா என்பது ஆங்கில மரபு. இந்தியர் அதை ஏற்றுவதைக் கவிஞர் நிசிம் எசக்கியேல் ஒரு பிரிவுபசாரக் கவிதையில் கேலி செய்து புகழும் பெற்றுவிட்டார். தமிழில் 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று எவரேனும் சொல்வரா? தெரியும், பிடிக்கும், வேண்டும், புரியும் என்று, நத்தத்தனார் காலத்துச் 'செய்யும்' வாய்பாட்டைத்தான் இன்றளவும் அவ்வினைகளுக்குத் தமிழர் ஒதுக்கிவைத்திருக்கின்றனர். 'ஐ ஆம் ஹேவிங் எ டவுட்' என்பதற்கு மட்டும், 'சந்தேகம் இருக்கிறது' என்பதிலுள்ள 'கிற' ஓரளவு சாட்சி சொல்லும், அதை மன்னித்துவிடலாம். மாமல்லபுரத்தில் அர்ஜுனன் தபசின் முன் நின்று, 'அர்ஜுனா இஸ் ஸ்டாண்டிங் ஆன் ஒன் லெக்' என்று விளக்கும் வழிகாட்டியின் கூற்று நுட்பமானது. தற்காலிகச் செயலுக்கே தொடர்வடிவம் என்பது விதி. ஏழாம் நூற்றாண்டிலிருந்து கால் மாற்றாமல் நிற்பவனுக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். எனினும் ஒற்றைக் காலில் நிற்பவர் எவராயினும் எந்நேரமும் காலை ஊன்றிவிடக்கூடும் என்பதால் வழிகாட்டியின் பக்கமே நியாயம் இருக்கிறது.

பெர்ஃபெக்ட் என்னும் முற்றுவடிவத்தில்தான் இரு மொழிகளும் மெய்யாகவே பிரிகின்றன. காலையில் ஈரமண்ணைப் பார்த்து 'நேற்று மழை பெய்திருக்கிறது' என்று தமிழில் சொல்வது தடயம் கண்டு கூறும் ஊகம். அதில் 'நேற்று' சிறிதும் உறுத்துவதில்லை. 'இட் ஹேஸ் ரெயின்ட் யெஸ்டர்டே' என்றால் ஆங்கிலம் முகம் சுளிக்கும். முடிந்த நாளின் பெயரைச் சொன்னபின் இன்றோடு தொடர்பு கோரும் 'ஹேஸ்' அதற்கு ஆகாது. 'ஹேட்' என்பதோ இரண்டு பழைய செய்திகளுள் முந்தியதைக் காட்டவே ஏற்பட்டது. கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டையை ஆங்கிலேயர் 1760-இல் கைப்பற்றி இடித்தனர். அதற்கு முன்பே, 1750-இல், பிரெஞ்சுக்காரர் அதைப் பெற்றிருந்தனர். இங்கே 'பெற்றிருந்தனர்' என்பதற்கு மட்டுமே ஹேட் உரியது. மனு எழுதுவோர் இதை ஒப்புவதில்லை. 'ஐ ஹேட் சப்மிட்டட் மை அப்ளிகேஷன்' என்று, பின்தொடரும் செய்தி எதுவுமின்றியே எழுதுகின்றனர். விண்ணப்பம் கொடுத்த பிறகு ஏதேனும் நடந்திருந்தால்தானே இரண்டாவது வினை வரும்?

முற்றும் தொடர்ச்சியும் செயப்பாட்டுவினையும் ஒரே சொற்றொடரில் கூடும் 'ஹேஸ் பீன் பீயிங் பில்ட்' என்னும் வடிவம் ஏட்டில் மட்டுமே உண்டு என்று இலக்கண ஆசிரியர்கள் கருதக்கூடும். அவர்கள் செய்யூருக்கு வடக்கேயுள்ள கல்பாக்கத்துக்கு வந்ததில்லை. அங்கே 2004-இல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட் அதிவேக ஈனுலையின் உள்ளகத்தை நிரப்பும் பணி 2024 மார்ச்சில்தான் தொடங்கியது; இடைப்பட்ட இருபது ஆண்டுகளும் அவ்வடிவம் முழுநேரப் பணியில் இருந்தது.

அரசு அலுவலக ஆங்கிலம் தனி நூலுக்குரியது. மனு முதலில் 'ஹேஸ் பீன் ஃபார்வர்டட்' ஆகிறது, அடுத்து நடவடிக்கை 'இஸ் பீயிங் டேக்கன்' ஆகிறது, இறுதியில் 'வில் பி டேக்கன்' ஆகிறது. பிற நாடுகளில் எதிர்காலம் நிகழ்காலமாகிப் பின் இறந்தகாலமாவதே வழக்கம். கோப்பில் அது எதிர்த்திசையில் ஓடுகிறது. செயப்பாட்டுவினையில் செய்வோர் பெயர் தேவைப்படாததால், 'ஆவன செய்யப்படும்' என்னும் தமிழ்த்தொடரும் இதற்கு நிகராக நிற்கிறது. செய்யூரில் 4000 மெகாவாட் அனல்மின் நிலையம் ஒன்று வரும் என அறிவிக்கப்பட்டு, 2013-இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்து, பின்னர் ஒப்பந்தப்புள்ளிகள் கைவிடப்பட்டு நிலையம் எழாமலே போனது; 'வில் பி' என்பது 'வுட் ஹாவ் பீன்' ஆக மாறியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை வட்ட எல்லைக்குள் தேட வேண்டியதில்லை. அம்மாற்றத்தால் நிம்மதியடைந்த மீனவர்களும் உழவர்களும் உண்டு என்பது இலக்கணத்துக்கு அப்பாற்பட்டதாயினும் சொல்லத்தக்கது.

எஞ்சியிருப்பது, மதுராந்தகம் பேருந்து நிலையத்தில் செய்யூர் வண்டிக்குக் காத்து நின்றபடியே கைப்பேசியில் 'ஐ ஹாவ் ரீச்ட்' என்று அறிவிக்கும் வழக்கு. ஆங்கில இலக்கணப்படி இது பொய். நன்னூற்படி அன்று: விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய நான்கு காரணங்களுள் ஒன்றிருந்தால் காலம் ஒன்று மற்றொன்றாக மயங்கலாம் என்று பவணந்தி இடம் கொடுத்திருக்கிறார், இதனைக் காலவழுவமைதி, அதாவது வழுவாயினும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கால மயக்கம் என்பர். இன்னும் சோற்றில் கை வைத்திருப்பவன், வெளியே நிற்கும் நண்பர் அழைத்தால், உண்டுவிட்டேன், வந்துவிட்டேன் என்று விடையிறுப்பதை உரையாசிரியர்களே விரைவுக்கு எடுத்துக்காட்டாகத் தந்துள்ளனர். ஆகவே அந்தப் பயணி பேசுவது ஆங்கிலச் சொற்களால் ஆன செம்மையான தமிழ். மதுராந்தகத்திலிருந்து செய்யூர் சுமார் 25 கிலோமீட்டர். அழைப்பைக் கேட்டவர்கள் அவசரப்படாமல் ஒரு டீ சொல்லிக்கொள்ளலாம்.