பழையசீவரத்து நேர்வழியும் திறந்தவெளியும்: காணொளி விளையாட்டியலுக்கு ஒரு முன்னுரை

காணொளி விளையாட்டுகளை அத்துறை வல்லோர் இருவகையாகப் பிரிப்பர். வடிவமைத்தவர் வகுத்த ஒரே தடத்தில் ஆடுவோரைக் கட்டம் கட்டமாக நடத்திச் செல்வது நேர்வழி ஆட்டம். ஒரு நகரையோ நாட்டையோ கண்முன் விரித்துவைத்து, விரும்பிய திசையில் விரும்பிய பொழுதில் திரியவிடுவது, இளைஞர் ‘ஓப்பன் வேர்ல்டு’ என வழங்கும் திறந்தவெளி ஆட்டம். இவற்றுள் எது உயர்ந்தது என்னும் வழக்கு இன்றளவும் தீராதிருப்பதற்குக் காரணம், வழக்காடுவோர் எவரும் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பழையசீவரத்துக்கு வந்து பார்க்காமையே என்பது இக்கட்டுரையின் துணிபு.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தின் ஒரு கரையில் பழையசீவரமும், எதிர்க்கரையில் திருமுக்கூடலும் அமைந்துள்ளன. ஊரை ஒட்டிச் செல்லும் செங்கல்பட்டு–அரக்கோணம் ரயில், இடமும் வலமும் திரும்பும் உரிமையற்றது ஆதலின் நேர்வழிக்கும், ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாற்றுப் படுகை, எவர் எத்திசையில் நடப்பினும் தடுப்பாரற்றது ஆதலின் திறந்தவெளிக்கும் தக்க சான்றுகளாகும்.

முதற்கண் நேர்வழியை ஆராய்வோம். 1985-இல் நிண்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டத்தில், 32 கட்டங்களையும் வலப்புறமாகவே ஓடிக் கடக்க வேண்டும். திரையை விட்டு நீங்கிய இடத்துக்கு மீள இயலாது. இத்துணைக் கண்டிப்பான ஆட்டத்திலும், இரண்டாம் கட்டத்தின் கூரைமேல் ஏறி ஓடுவோர்க்கு, நான்காம் உலகத்துக்கே தாவச் செய்யும் குழாய் ஒன்று ஒளித்துவைக்கப்பட்டுள்ளது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்கப் பரமபதம் ஆடியோர் இவ்வுண்மையை ஏணி வாயிலாக முன்பே அறிந்திருந்தனர். பாம்பின் வாயிலாக அதன் மறுதலையையும் அறிந்திருந்தனர். எனவே, நேர்வழி தன்னை மீறும் வழியைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கும் என்பது முதல் விதி.

இனித் திறந்தவெளி. தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களில் ஒரு தலைமுறையே மணிக்கணக்கில் பயின்ற வைஸ் சிட்டி ஆட்டம், 2002-இல் வெளிவந்தது. அதில் ‘மிஷன்’ எனப்படும் பணிகளைப் புறக்கணித்துவிட்டுக் கடற்கரையோரம் பைக் ஓட்டியே காலத்தைக் கழிக்கலாம் எனினும், புயலைக் காரணம் காட்டி மறுதீவுக்குரிய பாலங்கள் மூடப்பட்டிருப்பதால், குறித்த பணிகளை முடித்தாலன்றி அக்கரை செல்ல இயலாது. பாலம் கட்டப்படுவதற்கு முன்னர், பாலாறு பெருகிய நாளில் திருமுக்கூடலுக்குப் போக நினைத்த பழையசீவரத்தாரும் இதே நிலையில்தான் இருந்திருப்பர். அவர்களுக்கு எந்தப் பணியை முடித்தால் வெள்ளம் வடியும் என்று சொல்வாரும் இலர். மேலும், அவ்வாட்டத்தில் உயிரிழந்த நாயகன், ஆயுதங்களையும் சிறிது பணத்தையும் பறிகொடுத்து, மருத்துவமனை வாசலில் மீண்டெழுகிறான். திருமுக்கூடல் கோயிலிலுள்ள வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, ஒன்றைக் குறிப்பதால், திறந்தவெளிக்கு இன்றியமையாத இவ்வசதி இவ்வட்டாரத்தில் 11-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தமை தெளிவு. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளை எதிர்க்கும் ஆடுகளும் பதினைந்தே என்பதைத் தற்செயல் என ஒதுக்கிவிட ஆய்வுலகுக்குத் துணிவு போதாது.

2017-இல் வந்த செல்டா வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்டு, தொடக்க மேட்டுநிலத்தைக் கடந்தவுடனேயே இறுதிப் பகைவனிடம் செல்ல விடுகிறது. ஆயினும் அங்ஙனம் செல்லாது, காடு மேடெங்கும் ஒளிந்திருக்கும் 900 கொரோக் விதைகளைப் பட்டியலிட்டுப் பொறுக்குவோர் உளர். பாலாற்று மணலில் விடப்பட்ட ஆடுகளும், எங்கும் மேயலாம் என்ற நிலையிலும், ஒன்றன்பின் ஒன்றாக நடந்து ஒற்றையடிப் பாதையையே உண்டாக்குகின்றன. எனவே, திறந்தவெளி நாளடைவில் நேர்வழியாகும் என்பது இரண்டாம் விதி.

இவ்விரு விதிகளின்படி இருவகையும் ஒன்றாகிவிடுதலின், சுதந்திரம் எங்கே உள்ளது என்னும் வினா எழும். விடை பார்வேட்டை உற்சவத்தில் உள்ளது. பொங்கலை ஒட்டிக் காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரம் வந்து, மலைமேல் எழுந்தருளி, அவ்வூர் லட்சுமி நரசிம்மருடன் ஆற்றைக் கடந்து திருமுக்கூடலை அடைவார். பெயரோ வேட்டை, வழியோ ஆண்டாண்டாக மாறாதது. இலக்கணப்படி இதனினும் கண்டிப்பான நேர்வழி இல்லை. எனினும், வழிநெடுக மண்டகப்படிதோறும் நின்று, பூசை ஏற்று, பிரசாதம் வழங்கச் செய்தே ஊர்வலம் நகர்வதால், சென்ற ஆண்டு போன அதே வழிதானே என்று சலித்துக்கொண்டோர் எவரையும் ஆய்வு கண்டறியவில்லை.

ரயிலும் நிலையந்தோறும் நிற்கிறதே என்பார்க்கு விடை எளிது: அது பயணி விரும்பி நிற்பதன்று. சிக்னலுக்காக வண்டி நின்ற வேளையில் தம் சுதந்திரத்தை எண்ணி மகிழ்ந்த பயணி ஒருவரும் இதுகாறும் பதிவாகவில்லை.

ஆகவே சுதந்திரம் நிலத்தின் பரப்பைப் பொறுத்ததன்று, வழியில் நிற்கும் உரிமையையும் நிற்பதால் விளையும் பயனையும் பொறுத்தது என்பது முடிபு. வடிவமைப்போர் வரைபடத்தை மேலும் சில சதுர கிலோமீட்டர் விரிப்பதற்கு முன், நாயகன் ஓரிடத்தில் நின்றால் அவனுக்குப் புளியோதரை கிடைக்குமா என்று உறுதிசெய்துகொள்வது நலம்.