ஒரே வாய் போதுமா?

கேள்வி: வெறும் வாய்ப்புகாரை வைத்து ஒருவர்மீது கிரிமினல் வழக்குப் போட முடியுமா?

பதில்: போடத் தாராளமாக முடியும், தண்டிப்பதற்குத்தான் சற்றுச் சிரமப்பட வேண்டும். வாரண்டின்றிக் கைது செய்யத்தக்க குற்றமென்று புகார் வந்தால், அதன் மெய்பொய்யை விசாரிக்குமுன்பே முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்வது பொதுவாகப் போலீஸாரின் கடமை. 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டமோ, இத்தனை சாட்சிகள் வேண்டுமென்ற நிபந்தனையே இல்லையென்று 134-ஆம் பிரிவில் சொல்லிவிட்டபடியால் (அதற்குப் பதிலாக வந்த புதுச் சட்டத்தில் மாறியது பிரிவின் எண்தான்: 139), நீதிபதிக்குப் பூரண நம்பிக்கை தரும் ஒரே வாய் ஒருவரைச் சிறைக்கு அனுப்பிவிடக்கூடும். நம்பிக்கை தராவிட்டால் விடுதலை நிச்சயம். எப்போது என்பதுதான் கேள்வி. லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில் 1944-இல் கைதான சினிமா நட்சத்திரம் தியாகராஜ பாகவதர் 1947-இல் நிரபராதியாக வெளியே வந்தார். அவருடைய பழைய மார்க்கெட்டைத் திருப்பித் தரும் அதிகாரம் மட்டும் அந்நாளைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்கே இல்லை போலும்!