வீடு பார்க்க ஆள் வருது

வீட்டை விற்கிறவர் முதலில் ஒதுங்க வைப்பது பக்கத்து வீட்டைத்தான்.

"தம்பி, கொடியில கிடக்கிற துணிய மட்டும் கொஞ்சம் உள்ள எடுத்துருங்க. கே.எல்.லேருந்து ஆள் வருது."

கேமரன் மலையில் துணி காயப்போட்டவர்களுக்கு இந்தக் கொடுமை புரியும். தானா ராத்தா ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். மதியத்துக்குமேல் மழை, மிச்ச நேரம் மூட்டம். காலையில் வெயில் சும்மா எட்டிப் பார்க்கும். சரியாக அந்த நேரத்தில் துணி உள்ளே வந்துவிட வேண்டும்.

துணியோடு விட்டாரா? வாசல் செருப்பெல்லாம் உள்ளே. ஓட்டை சைக்கிள் பின்னால். கருவாடு பொரிக்கக் கூடாது. சாம்பிராணி போடலாம், "ஆனா ரொம்ப வேணாம், வர்றது எந்த ஆளுங்கன்னு தெரியாதுல்ல." எங்கள் பாட்டி இருமக் கூடாது என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. "பாட்டிக்கு மருந்து குடுத்தாச்சா?" என்று அன்போடு விசாரித்துவிட்டுப் போவார்.

பத்து மணிக்கு வரவேண்டிய ஆள் சிம்பாங் பூலாய் வழியாக ஏறி, பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் பிரிஞ்சாங்கில் சிக்கி, ஸ்ட்ராபெரி வாங்க நிறுத்திய கார்களின் பின்னால் ஊர்ந்து, நான்கு மணிக்கு வந்து சேர்வார். அதுவரை எங்கள் வரிசையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்குள் பனி இறங்கி எதிர்வீடே தெரியாது. இவர் மூட்டத்துக்குள் கையை நீட்டி, "அந்தா, அதுதான் தேயிலை மலை" என்பார். வந்தவரும் தலையாட்டுவார்.

பேச்சில் சரக்குத் தீர்ந்தால் ஜிம் தாம்சனை இழுப்பார். தாய்லாந்துப் பட்டு வியாபாரி, 1967-இல் இங்கே மூன்லைட் பங்களாவிலிருந்து நடக்கக் கிளம்பிக் காணாமல் போனவர். "பெரிய மனுசங்கல்லாம் தங்கின ஊரு!" வந்தவரின் மனைவி, "அப்புறம் கிடைச்சாரா?" என்று கேட்பார். கிடைக்கவில்லை. அந்த வியாபாரமும் அத்தோடு சரி.

வாங்கி ஐந்து வருஷம் தாண்டிய வீட்டைக் குடிமக்கள் விற்றால் ஆதாய வரி இல்லை என்று 2022-இல் ஆனதே, அன்று இவருக்குப் பிடித்த விற்கிற கிறுக்கு இது.

மனுஷரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்தவர். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். ஈபிஎஃப் காசில் வாங்கிய இதுதான் அவர் பரம்பரையில் சொந்தப் பெயரில் வந்த முதல் வீடு. துரை பார்க்க வருகிறார் என்றால் லயத்தில் ஒரு வீட்டை மட்டுமா கூட்டுவார்கள்? கடைசிக் கதவுவரை சுண்ணாம்புதான். வாங்க வருகிறவர் இவருக்கு இன்னும் துரை. நாங்கள் லயத்து ஜனம்.

சரி, அதையும் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் தகரத்தை என்ன செய்வது? பின்பக்கம் சமையலறையை நீட்டிப் போட்ட தகரக் கூரை. அதன் தண்ணீர் முழுக்க இறங்குவது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில். அவர் பக்கம் பூசணம் தெரிந்தால் வெள்ளைச் சாயம் ஒரு டின். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பூச்சு. எங்கள் பக்கம் பார்க்க யார் வருகிறார்கள்? அங்கே சுவர் கறுத்துக் கிடக்கிறது. தகரத்தை மாற்றுங்கள் என்றால், "வாங்குறவன் மாத்திக்கட்டும் தம்பி" என்கிறார். விலையிலோ ஆயிரம் வெள்ளிகூட இறங்கமாட்டார். ஆகவே வாங்குகிறவனும் வரப்போவதில்லை.

பாட்டி இருமுவது அந்தச் சுவரால்தான். கே.எல்.காரர்களே, அவர் ஹாலில் நின்று தலையாட்டியது போதும். ஒரு எட்டு எங்கள் சமையலறைக்கு வந்து சுவரைத் தொட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.