பழைய ஆம்னியின் சக்கர ஒலி: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1984-இல் மாருதி வேன் என்று பிறந்து, ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் உற்பத்தி நின்ற வண்டியே இங்கு ஆய்வுப்பொருள். 796 சிசி எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில், இழுவை பின்சக்கரத்தில். பின்சீட்டைக் கழற்றி மெத்தை விரித்துவிட்டால் குடும்பமே படுத்துக்கொண்டு திருப்பதி போகலாம் என்பதால், இதை நடமாடும் வீடு எனக் கொள்வதில் வழுவில்லை.

"எங்க சார், ஒண்ணுமே கேக்கலையே?" மெக்கானிக் ஏறி உட்கார்ந்ததும் சொல்லும் இவ்வாக்கியமே இத்துறையின் முதல் சூத்திரம். மெக்கானிக் ஏறியதும் ஒலி ஒளிந்துகொள்வது வண்டியின் குறும்பு என்பர் முன்னோர். யான் மறுக்கிறேன். ஒவ்வொரு ஒலிக்கும் உரிய வேகமும் திருப்பமும் உண்டு; பட்டறைச் சந்தில் அவை வாய்ப்பதில்லை, ஜிஎஸ்டி சாலையில் வாய்க்கும்.

'கலகல' என்பதை எடுத்துக்கொள்வோம். வீல் கப்புக்குள் சரளைக்கல் சிக்கினால் மெதுவாகப் போகும்போது உருளும். மணிக்குச் சுமார் 8 கிலோமீட்டரைத் தாண்டினால் சுழற்சி அதை விளிம்போடு அழுத்திவிடும், ஒலி அடங்கும். மாலை 6 மணிக்குக் குரோம்பேட்டையில் கிடைப்பதோ அதற்கும் குறைந்த வேகம். ஆகவேதான் பல்லாவரத்தில் பிடித்த நோய் வண்டலூர் தாண்டியதும் தானே குணமாகிறது. உள்ளே கிடப்பது கல்லாக இல்லாமல் நட்டாக இருந்தால், ஆய்வை ஒத்திவைத்துவிட்டு, அது எந்தச் சக்கரத்தில் கழன்றது என்று உடனே பார்க்கவும்.

வேகம் ஏற ஏற 'ஊ...' என்று உயர்வது பேரிங். நியூட்ரலில் உருளவிட்டும் தொடர்ந்தால் எஞ்சின் நிரபராதி. இடப்புறம் வளைக்கும்போது பாரம் வலச்சக்கரத்தில் ஏறும்; அப்போது ஒலி கூடினால் பெரும்பாலும் வலப்பக்கத்து பேரிங்தான் குற்றவாளி. தார் மாறிச் சிமென்ட் சாலை வந்ததும் சுருதி மாறினால் டயரைப் பார்க்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைக் கையால் சுழற்றி, மற்றக் கையின் விரல்களைச் சுருள்வில்லின் மேல் வைக்கவும். தேய்ந்த பேரிங் விரல் நுனியில் கரகரக்கும். காதுக்குக் கேட்காதது கைக்குக் கேட்கும் இடம் இது.

இரட்டைக்கிளவி பிரிந்து நில்லாது என்பது தொல்காப்பியர் விதி. பட்டறையில் இவ்விதி செல்லாது. கிளட்சை விடுகையில் ஒற்றை 'டக்' கேட்டால் புரொபெல்லர் ஷாஃப்டின் கிராஸ் தேய்ந்திருக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 5 'டக்' வந்தால் சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை முறையிடுகிறது: டயரில் ஏறிய ஆணியாகவும் இருக்கலாம், தளர்ந்த நட்டாகவும் இருக்கலாம். 'கீச்' பிரேக்கைச் சேர்ந்தது; மிதித்தால் மாறும், அவ்வளவே.

"பழைய வண்டின்னா சத்தம் வரத்தாம்பா செய்யும்" என்னும் மாமா மதம் பின்சீட்டில் செல்வாக்கோடு இருக்கிறது. செலவில்லாத மதம் என்பதால் அதை வெல்வது கடினம்.

வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓட்டிக் காட்டும்போது விற்பவர் நல்ல பாட்டாகப் போட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.