மூன்று பத்தி, முப்பது பஞ்சாயத்து

செய்தித்தாளில் பத்தி பிரிப்பது பெரிய வித்தையே இல்லை. இணையப் பக்கத்தில் மூன்று பத்தியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள், தெரியும். அகலம் 200 பிக்சல், உள்ளே இருபுறமும் 20 பிக்சல் பேடிங் என்று எழுதினால், விதிப்படி பெட்டி 240 பிக்சல் ஆகும். விண்டோஸில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 மட்டும், "200 என்றுதானே சொன்னீர்கள்?" என்று பேடிங்கையும் அதற்குள்ளேயே அடக்கிவிடும். ஊரே சேர்ந்து அதைத் திட்டியது. பிறகு பார்டர்-பாக்ஸ் என்று ஒரு வசதி வந்தது. கணக்கு அதே கணக்குதான். இன்று ஸ்டைல்ஷீட்டின் தலைமாட்டிலேயே அதை எழுதிவிட்டுத்தான் பலரும் வேலையைத் தொடங்குகிறார்கள். திட்டியவர்கள் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.

2001இல் வந்த எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு தாராளப் பிரபு. இடப்பக்கம் ஃப்ளோட் செய்த முதல் பத்திக்கு அந்தப் பக்கம் 10 பிக்சல் மார்ஜின் கேட்டால் 20 தரும். இடம் போதாமல் மூன்றாவது பத்தி கோபித்துக்கொண்டு கீழே போய் உட்காரும். மருந்து, 'டிஸ்ப்ளே: இன்லைன்' என்று சம்பந்தமே இல்லாத ஒரு வரி. ஏன் என்று கேட்கக் கூடாது. தாயத்துக்கு யாராவது விளக்கம் கேட்பார்களா?

2017 மார்ச்சில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் ஒரே மாதத்தில் சிஎஸ்எஸ் கிரிட்டைக் கொண்டுவந்தன. பத்தி பிரிப்பது ஓரிரு வரி வேலையானது. இந்த கிரிட்டின் முதல் வடிவத்தை 2012லேயே பிரவுசரில் போட்டுக் காட்டியது யார் என்கிறீர்கள்? சாட்சாத் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான், பத்தாம் பதிப்பில்.