‘அப்படியே’ என்னும் இடைச்சொல்: ஒரு தெற்கு மாடவீதி ஆய்வு

“வேப்பம்பூ வாங்கிட்டு வாடா, அஞ்சு நிமிஷ வேலை” என்று அம்மா சொன்ன வாக்கியத்தில் இலக்கணக் குற்றம் ஏதுமில்லை. அந்த வேலை ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது ஏன் என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

களம் மயிலாப்பூர். காலம் பங்குனிக் கடைசி நாள். மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நூலோர் கணக்கு. அதன்படி அன்றைக்கு எனக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. விடிந்தால் வருஷப் பிறப்பு. பச்சடிக்கு மாங்காயும் வெல்லமும் வீட்டில் இருந்தன, கசப்புதான் பாக்கி. வாசல் மரத்தடியில் நின்ற ஸ்கூட்டரின் சீட்டைப் புறங்கையால் தட்டிவிட்டுக் கிளம்பினேன்.

தாமதத்துக்குக் காரணம் போக்குவரத்து என்பார் உளர். அற்றன்று, காரணம் ‘அப்படியே’ என்னும் சொல். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் ஏழாவது இயலை இடைச்சொற்களுக்கென்றே ஒதுக்கினார். மன், கொல், ஏ, ஓ என்று பலவற்றுக்கும் பொருள் சொன்னவர் இதை விட்டுவிட்டார். அவரை யாரும் கடைக்கு அனுப்பியதில்லை போலும்.

“அப்படியே ஒரு தேங்காய்” என்பது வழியொட்டிய அப்படியே. தீங்கற்றது. “அப்படியே மந்தைவெளி டெய்லர்கிட்ட ஜாக்கெட் ஆச்சான்னு கேளு” என்பது வழியொட்டாதது. எங்கள் வீட்டுக்கு மாடவீதி வடக்கே, மந்தைவெளி தெற்கே. (ஜாக்கெட் ஆகவில்லை.)

கொடியது மூன்றாம் வகை; இதற்கு ‘மாடி அப்படியே’ எனப் பெயரிடலாம். வண்டி உறுமிய பிறகு பால்கனியில் பிறப்பது. பாதிதான் காதில் விழும்: “...லையும் அப்படியே!” வெற்றிலையா, வாழையிலையா, கறிவேப்பிலையா? வண்டியை நிறுத்திக் கேட்கலாகாதோ எனின், கேட்டால் நான்காவது ஒன்று சேரும் என்க. ஆகவே மூன்றையும் வாங்கிவிடுவதே எங்கள் குடும்ப மரபு.

தெற்கு மாடவீதி நடைபாதையில் ஈரச் சாக்கு விரித்து ஒரு பாட்டி வேப்பம்பூவைக் கூறு கட்டி வைத்திருந்தார். கொத்துகள்கூட இல்லை, உதிரிப்பூதான். நடுநடுவே காம்பும் ஓர் எறும்பும். கூறு இருபது ரூபாய். பழைய தினசரியில் மடித்துக் கொடுத்தவர், “அப்படியே மாங்காயும் எடுத்துக்க கண்ணு, கிளிமூக்கு” என்றார். இச்சொல் வீட்டு வழக்கு மட்டுமன்று, கடை வழக்குமாம் என்று அங்கேதான் தெளிந்தேன். வீட்டில் இருக்கிறது என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து மேசைமேல் பரப்பினேன்: தேங்காய், மூவகை இலை, உபரி மாங்காய், பொட்டலம். அம்மா பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

“எவ்வளவு?”

“இருபது ரூபா.”

அம்மா பால்கனிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வண்டியை நிறுத்திப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சீட்டு முழுக்க வெள்ளை வெள்ளையாக உதிர்ந்து கிடந்தது.

“மேல வரும்போது அப்படியே அதை அள்ளிட்டு வந்திருக்கலாமேடா?”