பிளாட்பார்ம் டிக்கெட்டில் ஒரு பல்கலைக்கழகம்

எடிசன், நியூ ஜெர்சி
17 நவம்பர் 2019

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். அங்கே உங்கள் முழங்கால், அம்மாவின் சர்க்கரை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மூன்றும் நலமா? போனில் கேட்டால், "எல்லாம் நல்லா இருக்கு, இந்தா அம்மாகிட்ட பேசு" என்று கைமாற்றிவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் கைமாற்ற முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

நான் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருப்பதாகத் தெருவெல்லாம் சொல்லிவிட்டீர்களாம். போஸ்ட்மாஸ்டர் மாமா அதை எம்.எஸ். ஆக்கியிருக்கிறார். பிள்ளையார் கோயில் முக்குத் திரும்புவதற்குள் அது பிஎச்.டி. ஆகிவிட்டதாக அம்மா சொல்கிறாள். இன்னும் ஒரு வாரம் விட்டால் அருப்புக்கோட்டையில் என்னைத் துணைவேந்தராக்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் உண்மை நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்திருப்பது கோடிங் பூட்கேம்ப். மொத்தம் 24 வாரம். செவ்வாயும் வியாழனும் மாலை ஆறரை முதல் ஒன்பதரை வரை, சனிக்கிழமை காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை. நாலு வருஷம் படிக்கிறவர்கள் படிப்பதில், சம்பளம் கிடைக்கும் பகுதியை மட்டும் கத்தரித்துக் கொடுப்பதாக விளம்பரம். 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் டெவ் பூட்கேம்ப் என்று ஒன்று ஆரம்பித்தார்கள். அது 2017 கடைசியில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதற்குள் இந்த யோசனை நாடு முழுக்கப் பரவி, பெரிய பெரிய பல்கலைக்கழகங்களும் களத்தில் இறங்கிவிட்டன.

இறங்கின என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கவில்லை. பெயர் பல்கலைக்கழகத்துடையது. பாடத்திட்டம், ஆசிரியர், ஆள் சேர்ப்பு எல்லாம் ஒரு தனியார் கம்பெனி. வரும் கட்டணத்தை இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் பெரிய கை டிரிலஜி என்ற கம்பெனி. 2015-ல் பிறந்தது, இந்த வருஷம் டூ-யூ என்ற இன்னொரு கம்பெனி அதை 75 கோடி டாலருக்கு வாங்கியிருக்கிறது. நாலே வயதுப் பிள்ளைக்கு ஐயாயிரம் கோடி ரூபாய்க்கு மேல்! கற்றுக்கொள்பவனைவிடக் கற்றுக்கொடுப்பவனுக்கே கம்ப்யூட்டரில் காசு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால், அப்பா, உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், என் கையில் இருப்பது பிளாட்பார்ம் டிக்கெட். ஸ்டேஷனுக்குள் நிற்கலாம், பெஞ்சில் உட்காரலாம், காபி குடிக்கலாம். ரயிலில் மட்டும் ஏறக்கூடாது. மாலையில் வகுப்பறையைத் திறந்துவிடுவார்கள், நூலகக் கதவு என் அட்டைக்குத் திறக்காது. முடிவில் சான்றிதழ் உண்டு, பட்டம் கிடையாது. டிக்கெட் விலை 10,000 டாலருக்கு மேல். தயவுசெய்து ரூபாயில் பெருக்காதீர்கள்… பெருக்கியிருப்பீர்கள். ஆமாம், 7 லட்சத்துக்கு மேல்தான். உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் சேர்ந்தேன் என்று கேட்பீர்கள். என் விசாவின் பெயர் எச்-4. உங்கள் மாப்பிள்ளையின் வேலை விசாவான எச்-1பி-யைப் பிடித்துக்கொண்டு நிற்கிற விசா. படிக்கலாம், கார் ஓட்டலாம், வேலை மட்டும் பார்க்கக்கூடாது. கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டம் தாண்டியிருந்தால் மனைவியும் வேலை பார்க்கலாம் என்று 2015-ல் ஒரு விதி வந்தது. அந்த விதியை எடுத்துவிடப்போகிறோம் என்று இப்போதைய அரசாங்கம் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. எடுக்கவும் இல்லை, சொல்வதை விடவும் இல்லை. எனக்கு அந்த வேலை அனுமதி அட்டை போன வசந்தத்தில் வந்தது. அதை வைத்துக்கொண்டு ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடையில் முருங்கைக்காய் விலை கேட்டுக்கொண்டு திரிவதா? அதனால்தான் சேர்ந்தேன்.

இனி வகுப்பு. எங்கள் ஆசிரியர் பகலில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறார், மாலையில் எங்களுக்குச் சொல்லித்தருகிறார். வயது என்னைவிடக் குறைவு. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வருவார், மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். முதல் நாள் நான் "சார்" என்றதும் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று. பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், அவர் என் பக்கம் பார்க்கும்வரை காத்திருந்து கேள்வி கேட்கிறேன். உங்கள் மாப்பிள்ளையிடம் வருஷக்கணக்காகப் பழகிய வித்தை, கைகொடுக்கிறது.

உடன் படிப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கதை. இடதுபக்கம் பாரில் மது ஊற்றிக்கொடுக்கும் பையன். வகுப்பு முடிந்து நேரே வேலைக்குப் போவான். வலதுபக்கம் ராணுவத்திலிருந்து வந்தவர். பென்சில்களை உயரவாரியாக அடுக்கிவைப்பார். முன்னால் ஒரு பியானோ டீச்சர் அம்மாள். தட்டச்சில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. பின்னால் பொம்மைக் கடை மூடியதில் வேலை போனவர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். நம்மூரில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் இருபது வயதுப் பையனிடம் "தம்பி, இது எனக்கு விளங்கலை" என்று வகுப்பில் எழுந்து கேட்பாரா? இவர் நாளைக்கு ஏழு தடவை கேட்கிறார். அவர் கேட்பதால்தான் எங்களில் பாதிப்பேருக்கு விளங்குகிறது.

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஆசிரியர் விரல் காட்டச் சொல்வார். முழுக்கப் புரிந்தால் ஐந்து விரல், ஒன்றுமே புரியாவிட்டால் மூடிய முஷ்டி. இந்த ஊர் மக்கள் கூசாமல் முஷ்டியைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நாம் வளர்ந்த வகுப்பில் "புரிஞ்சுதா?" என்றால் ஒரே குரலில் "புரிஞ்சுது சார்!" தவிர வேறு பதில் பாடத்திட்டத்திலேயே கிடையாது. நான் பழக்கதோஷத்தில் மூன்று விரலிலேயே நின்றுகொண்டிருந்தேன். மூன்று காட்டினால் யாரும் கிட்ட வரமாட்டார்கள். முஷ்டி காட்டினால் உதவி ஆசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவார். ஏழு லட்சத்துக்கு இந்த நாற்காலிதான் பெறுமானம் என்று கணக்குப் போட்டு, நானும் இப்போது முஷ்டிக் கட்சிக்கு மாறிவிட்டேன்.

நாங்கள் படிப்பது ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழி. 1995-ல் பிரெண்டன் ஐக் என்பவர் இதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் செய்து முடித்தாராம். பத்து நாளில் செய்தது என்று பார்த்தாலே தெரிகிறது. மேற்கோள் குறிக்குள் போட்ட "5"-உடன் 3-ஐக் கூட்டச் சொன்னால் 53 என்கிறது. அதே "5"-லிருந்து 3-ஐக் கழிக்கச் சொன்னால் ஒழுங்காக 2 என்கிறது. கூட்டத் தெரியாது, கழிக்க மட்டும் தெரியும். இதை நம்பித்தான் உலகத்து வங்கிகளெல்லாம் இணையத்தில் கடை விரித்திருக்கின்றன.

சேர்ந்தவுடன் ஆளுக்கொரு மஞ்சள் ரப்பர் வாத்து கொடுத்தார்கள். நம் வீட்டுக் குழந்தைகள் குளிக்கும்போது மிதக்கவிடுமே, அதே வாத்து. நிரல் ஓடாவிட்டால் அடுத்தவரைக் கேட்பதற்கு முன் வாத்தை மேசையில் வைத்து, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று அதற்கு விளக்கிச் சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டு வரும்போதே எங்கே கோளாறு என்று நமக்கே தெரிந்துவிடும். 1999-ல் ஹண்ட், தாமஸ் என்ற இருவர் தங்கள் புத்தகத்தில் எழுதி ஊரெல்லாம் பரவிய வழக்கம் இது. ஒருநாள் நடுராத்திரி உங்கள் மாப்பிள்ளை தூக்கத்திலிருந்து எழுந்து வந்து பார்த்தார். நான் வாத்திடம், "இப்ப சொல்லு, இந்த வளையத்துக்குள்ள போனவன் எப்படி வெளியே வருவான்?" என்று தமிழில் அதட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டார். மறுநாள் காலை காபி அவரே போட்டார். வாத்துக்கு என் நன்றி.

உங்களுக்காகவே வந்தது மாதிரி ஒரு வீட்டுப்பாடம் வந்தது. ரயில் கால அட்டவணை! ரயிலின் பெயர், போகும் ஊர், முதல் வண்டி புறப்படும் நேரம், எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி – இந்த நாலையும் கொடுத்தால், அடுத்த வண்டி எப்போது வரும், இன்னும் எத்தனை நிமிடம் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். கணக்கு சுலபம்: முதல் வண்டியிலிருந்து கழிந்த நிமிடங்களை இடைவெளியால் வகுத்து, வரும் மீதியை இடைவெளியிலிருந்து கழித்தால் விடை. எல்லோரும் பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று, அரை மணிக்கு ஒன்று என்று போட்டார்கள். நான் நம் வைகை எக்ஸ்பிரஸைப் போட்டேன். இடைவெளி 1,440 நிமிடம். "அடுத்த வண்டிக்கு இன்னும் ஆயிரத்துச் சொச்சம் நிமிடம்" என்று திரையில் வந்ததும், உதவி ஆசிரியர் ஓடிவந்து, நிரலில் எங்கோ கோளாறு என்று கால் மணி நேரம் தேடினார். கோளாறு ஒன்றுமில்லை, 1977-லிருந்து அது நாளுக்கு ஒரு தடவைதான் புறப்படுகிறது, விட்டவன் மறுநாள் வரவேண்டியதுதான் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வகுப்பே கூடிவிட்டது.

இன்னொரு செய்தி கேளுங்கள். இங்கே நவம்பர் முதல் ஞாயிறன்று ஏறக்குறைய நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிறது. இப்போது மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது. கடிகாரம் மாறும் அந்த ராத்திரி, ஆம்ட்ராக் என்ற இவர்களுடைய நெடுந்தூர ரயில்களில் சரியான நேரத்துக்கு ஓடிக்கொண்டிருப்பவற்றை, விடியற்காலை இரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் அப்படியே நிறுத்திவைப்பார்களாம், அட்டவணைக்கு முன்னால் போய்விடக்கூடாது என்று. ஏற்கெனவே ஒரு மணி நேரம் தாமதமாக ஓடும் வண்டிக்கு அன்றைக்கு யோகம்: நிற்காமலே நேரத்துக்கு வந்ததாகிவிடும். உங்கள் ரயில்வே சர்வீஸில் இப்படி ஒரு ராத்திரி கிடைத்திருந்தால் எத்தனை விளக்கக் கடிதம் மிச்சமாகியிருக்கும்!

வேலை தேட உதவுவதற்கென்றே ஒரு பெண் இருக்கிறாள். என் பயோடேட்டாவைப் பார்த்து அரண்டுவிட்டாள். இங்கே வயது போடக்கூடாது, போட்டோ ஒட்டக்கூடாது, கல்யாணம் ஆனதா என்று எழுதக்கூடாது, எல்லாம் ஒரே பக்கத்தில் முடிய வேண்டும். முதல் வரியில் இருந்த "தந்தை: தென்னக ரயில்வே நிலைய அதிகாரி (ஓய்வு)" என்பதை அடித்துவிட்டு, "வேலைக்கு வருவது உன் அப்பாவா?" என்று கேட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். பாஸ்போர்ட்டில் என் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது உங்கள் பெயர். வருகைப் பதிவேட்டிலும் அதுவே. செவ்வாய்தோறும் ஆசிரியர் உங்கள் பெயரை நாலு துண்டாக உடைத்துக் கூப்பிடுகிறார், நான் "பிரசன்ட்" சொல்கிறேன். கணக்குப்படி பார்த்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருப்பது நீங்கள்தான்.

வேலை கிடைக்குமா என்று அம்மா கேட்கச் சொல்வாள். யாரும் எழுத்துமூலம் உறுதி தரவில்லை. சேர்வதற்கு முன் தினமும் போனில் நலம் விசாரித்தவர்கள், பணம் கட்டிய பிறகு என் நலத்தில் முழு நம்பிக்கை வைத்துவிட்டார்கள். சில கம்பெனிகள் பட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துத் தள்ளிவிடும். சில கம்பெனிகள் நீ செய்ததைக் காட்டு என்று கேட்கும். இந்த இரண்டாவது வகையறாதான் எனக்கு வேண்டியது. அவர்களுக்குக் காட்ட என்னிடம் ஒரு சரக்கு வேண்டும்.

அதற்குத்தான் உங்கள் உதவி. பிப்ரவரியில் கடைசி புராஜெக்ட். ரயில் அட்டவணையையே பெரிதாக்கிச் செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நாங்கள் செய்த வீட்டுப்பாடத்தில் எந்த வண்டியும் தாமதமாக வராது. உலகத்திலேயே அப்படி ஒரு ரயில்வே எங்கள் வகுப்பில் மட்டும்தான் ஓடுகிறது. நான் தாமதத்தையும் சேர்க்கப்போகிறேன். ஒற்றைப் பாதையில் எதிர் வண்டி நாற்பது நிமிடம் தாமதம், பின்னால் ஒரு சரக்கு வண்டி, லூப் லைன் ஒன்றுதான் காலி – யாருக்கு முதலில் லைன் கிளியர் கொடுப்பீர்கள்? எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்? என் ஆசிரியருக்குத் தெரியவில்லை, வாத்துக்கும் தெரியவில்லை. மானாமதுரை – விருதுநகர் பாதையில் ராத்திரி ராத்திரியாக இதைச் செய்தவர் நீங்கள்.

வரிசை எண் போட்டு, "இப்படி நடந்தால் இது, இல்லாவிட்டால் அது" என்று பிரித்துப் பிரித்து எழுதுங்கள். நிரல் எழுதுவதும் அதேதான். பொங்கலுக்கு முன் எனக்கு வந்து சேரவேண்டும். போஸ்ட்மாஸ்டர் மாமாவிடம் கொடுத்தால் வழியில் வேறு ஏதாவது சேர்த்துவிடுவார். ஸ்பீடு போஸ்டில் நீங்களே போய்ப் போடுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு. பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் பெயரில் படிக்கும் மகள்